ஐயாயிரத்து இருநூறு ரூபாய் மத்தங்காய்

ஜின்சிக்கு ஒரு கேஸ் குற்றி, அதாவது சிலிண்டர், எழுபத்திரண்டு நாள் வரும். எனக்கு முப்பத்தி நாலு. இது எனக்கு எப்படித் தெரியும் என்றால், புதுக் குற்றி மாட்டுகிற அன்று அவள் அடுக்களைக் காலண்டரில் பேனாவால் ஒரு வட்டம் போடுவாள். நான் உப்பு கேட்கப் போகிற சாக்கில் வட்டத்திலிருந்து வட்டத்துக்கு எத்தனை நாள் என்று எண்ணிக்கொண்டு வருவேன். என் வீட்டில் உப்பு தீர்ந்ததே இல்லை.

ஜின்சி என் கொழுந்தன் ஜாயுடைய மனைவி. உதியன்குளங்கரை ஜங்ஷனிலிருந்து ஒன்றரை கிலோமீட்டர் உள்ளே, ஒரே புரையிடத்தில் எங்கள் இரண்டு வீடும் இருக்கின்றன. நடுவில் இடுப்பளவு மண்சுவர். அம்பூரி மலைப்பக்கத்திலிருந்து ஆறு வருஷத்துக்கு முன்னால் கல்யாணமாகி வந்தவள், பீரோவோடும் கட்டிலோடும் ஒரு மரப்பெட்டியையும் பிக்கப்பில் ஏற்றிக்கொண்டு வந்தாள். உள்ளே நான்கு பக்கமும் தெர்மோகோல் ஒட்டியிருந்தது. என்ன பெட்டி என்று கேட்டேன். சூடாறாப்பெட்டி என்றாள். அரிசி கொதித்துப் பத்து நிமிஷம் ஆனதும் பானையை இறக்கி அதற்குள் வைத்து மூடிவிட்டால், அடுப்பே இல்லாமல் ஒன்றரை மணி நேரத்தில் சோறு வெந்திருக்குமாம். அன்றைக்கு நான்தான் சத்தமாகச் சிரித்தேன். இப்போது அந்தச் சிரிப்பு எங்கே போனதென்று எனக்கே தெரியவில்லை.

அவள் வருவதற்கு முன்னால் எங்கள் குடும்பத்தில் சிக்கனக்காரி என்றால் நான்தான். வாரத்துக்கு ஒரு தடவை பஸ் ஏறி, கேரள எல்லை தாண்டித் தமிழ்நாட்டுப் பக்கம் களியக்காவிளைச் சந்தைக்குப் போவேன். கத்தரிக்காயும் வெண்டைக்காயும் சின்ன உள்ளியும் இங்கே இருப்பதைவிட அங்கே கிலோவுக்குப் பத்துப் பதினைந்து ரூபாய் குறைவு. இரண்டு பை நிறைய வாங்கி, வெயிலுக்கு ஒரு சர்பத்தும் பசிக்கு இரண்டு பரோட்டாவும் முடித்து, பை கனக்கிறதே என்று ஜங்ஷனிலிருந்து ஆட்டோ பிடித்து வருவேன். "விமலகுமாரி கெட்டிக்காரி" என்று ஞாயிறு ஆராதனை முடிந்து கோயிலில் பெண்கள் சொல்வார்கள். அப்படி இருந்தேன் நான்.

ஒரு நாள் நான் பையை இறக்கும்போது ஜின்சி சுவருக்கு அந்தப் பக்கம் நின்று, தலையைச் சாய்த்து, சின்னப் பிள்ளை மாதிரி கேட்டாள்: "அக்கா, பஸ்சும் ஆட்டோவும் பரோட்டாவும் சேத்தா, இஞ்ச ஜங்ஷனுக்கு பெருங்கடவிளைக்காரங்க கொண்டு வாற காய வாங்குகது தானே லாபம்?"

என் வீட்டுக்காரர் ராஜதாஸ் வாசலில் உட்கார்ந்து, டைல்ஸ் வெட்டுகிற மெஷினைத் துடைத்துக்கொண்டிருந்தார். தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார். மனதுக்குள் கூட்டிப் பார்க்கிறார் என்று அந்தக் கண்ணிலேயே தெரிந்தது.

"எடீ, அவ சொல்லியது செரியாக்கும்," என்றார்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் ஒரே பாட்டு. ஜின்சியைக் கண்டு படி. ஜின்சி ஜங்ஷனுக்கு நடந்துதான் போகிறாள், நீ ஆட்டோவில் போகிறாய். ஜின்சி பேக்கரிப் பக்கமே திரும்புவதில்லை. ஜின்சி பயறை முந்தின நாளே ஊறப் போடுகிறாள். ராஜதாசுக்கு சர்க்கரை இருநூற்றித் தொண்ணூறில் நின்றது. எனக்கு எடை எண்பத்திரண்டு, முட்டிவலி வேறு. அதற்கெல்லாம் என் அடுக்களைதான் காரணம் என்று அவர் வாய்விட்டுச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன். போன ஓணத்துக்கு, மிச்சம் பிடித்த காசில் ஜின்சி ஒரு வாஷிங் மெஷின் வாங்கினாள். நான் சோப்பில் வெடித்த கையோடு கல்லில் துணி அடிக்கும்போது, சுவருக்கு அப்புறம் அது வயிறு நிறைந்த மனுஷன் மாதிரி முனகிக்கொண்டு சுற்றும். அந்தச் சத்தம் கேட்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு எரியும்.

ஆனால் என்னை உண்மையில் வீழ்த்தியது அறுப்பின் பண்டிகை.

எங்கள் கோயிலில் பண்டிகையன்று ஒவ்வொரு வீட்டுக்காரரும் தங்கள் மண்ணில் விளைந்ததைக் கொண்டுவந்து படைப்பார்கள். ஆராதனை முடிந்ததும் முற்றத்துப் பந்தலில் ஏலம். கமிட்டிக்கார நேசமணி அண்ணன் ஒவ்வொன்றாகத் தூக்கிக் காட்டி, படைத்தவர் பெயரைச் சொல்லி விலை கேட்பார். காசு கோயிலுக்கு, பெயர் படைத்தவருக்கு. சந்தையில் நாற்பது ரூபாய் பெறாத வாழைப்பூ அங்கே நானூறுக்குப் போகும். யாருடையது எவ்வளவுக்குப் போனது என்பதை அடுத்த பண்டிகை வரை ஊரே பேசும். படைத்தவர்கள் மட்டும் தங்கள் பொருளை விளிக்கக்கூடாது, அதாவது ஏலத்தில் விலை கேட்கக்கூடாது. அது எழுதாத சட்டம். கொடுத்ததைத் திரும்ப எடுப்பதா என்று கேட்பார்கள்.

போன வருஷம் ஜின்சியின் மத்தங்காய் ஆயிரத்து எண்ணூற்றி ஐம்பதுக்குப் போனது. மத்தங்காய் என்றால் மஞ்சள் பூசணிதான். பச்சை மேல் வெள்ளை வரி ஓடின, முதுகு புடைத்த மத்தங்காய். அதற்கு அடுத்ததாக நேசமணி அண்ணன் என் சேனைக்கிழங்கைத் தூக்கினார். நூற்றி இருபது. அதுவும் பாவம் பார்த்து ராஜதாசின் கூட்டாளி ஒருவர் கேட்டது. பந்தலில் பெண்கள் பக்கத்தில் பாயில் உட்கார்ந்திருந்தேன். எல்லோரும் ஜின்சியின் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். நானும் குலுக்கினேன். வீட்டுக்கு வந்து இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. அடுத்த வருஷம் நேசமணி அண்ணன் வாயால் என் பெயர் அவள் பெயருக்கு மேலே கேட்க வேண்டும் என்று முடிவு செய்தேன். வேறு எதுவும் எனக்கு வேண்டியிருக்கவில்லை.

அவளை ஜெயிக்க வேண்டுமென்றால் அவளை மாதிரியே ஆக வேண்டும் என்பது புரிந்தது. அதை யாரும் அறியக்கூடாது என்பதும்.

மீன்காரர் தங்கையனிடம் கெஞ்சி ஒரு பழைய தெர்மோகோல் பெட்டி வாங்கினேன். ராஜதாஸ் வேலைக்குப் போனதும் கட்டிலுக்கு அடியிலிருந்து அதை வெளியே இழுப்பேன். கொதித்த பானையை உள்ளே வைத்து, மேலே பழைய கம்பளியைச் சுற்றி, திரும்பத் தள்ளிவிடுவேன். முதல் நாள் மத்தியானம் அவர் ஒரு வாய் வைத்துவிட்டு மோந்து பார்த்தார்.

"எடீ, கறி பயறு தானே? பின்ன சோத்துக்கு எதுக்கு சாளைமீன் மணம்?"

"உங்க மூக்குக்க கோளாறு," என்றேன். அன்றைக்குப் பெட்டியை எலுமிச்சைத் தோல் போட்டு மூன்று தடவை தேய்த்தேன்.

ஜங்ஷனுக்கு நடக்க ஆரம்பித்தேன். கேட்டவர்களிடம், பெண்கள் ஐக்கிய சங்கத்துக்காக வீடு சந்திக்கப் போவதாகச் சொன்னேன். பேக்கரியின் முன்னால் கடக்கும்போது சாலையின் மறுபக்கம் போய் நடப்பேன். சாயங்காலம் பரோட்டாவுக்குப் பதிலாக கஞ்சியும் பயறும் முருங்கையிலைத் தோரனும். ராஜதாஸ் முகத்தைச் சுளித்தபோது, அரிசி விலை ஏறிவிட்டது என்று சொன்னேன். களியக்காவிளைப் பயணத்தை நிறுத்தினேன். கொல்லையில் கீரையும் வெண்டையும் நட்டேன். மிச்சமான காசையெல்லாம் ஹார்லிக்ஸ் டின்னில் போட்டேன். கிணற்றின் பக்கம் எனக்கும் ஒரு வாஷிங் மெஷின் வைப்பதாக இருந்தேன். அவளுடையதைவிட அரைக் கிலோ கூடுதலாகத் துணி கொள்வது.

பத்து மாதத்தில் டின்னில் ஏழாயிரத்து நானூறு. குற்றி அறுபத்தியெட்டு நாள் வந்தது. எடை எழுபத்தொன்று. முட்டிவலி எங்கே போனது என்று தெரியவில்லை. ராஜதாஸ் சர்க்கரை பார்க்கப் போனபோது நானும் கூடப் போனேன். நர்ஸ் விஜயம்மா மெஷினை இரண்டு தடவை தட்டிப் பார்த்தார். நூற்றி நாற்பத்தியெட்டு.

"கொள்ளாமல்லோ!" என்று மெச்சினார். பிறகு என்னை ஏற இறங்கப் பார்த்துச் சிரித்தார். "ஜின்சி பறஞ்சு தந்நதாணோ?" ஜின்சி சொல்லித் தந்ததா என்று கேட்கிறார்.

நடந்தது நான். பட்டினி கிடந்தது நான். சாளை மணக்கும் பெட்டியோடு கட்டிலுக்கு அடியில் குனிந்தது நான். பெயர் மட்டும் அவளுக்கு. திரும்பி வரும் வழி முழுக்க ராஜதாசுக்கு நாலடி முன்னால் வேகமாக நடந்தேன். அவரோ சந்தோஷத்தில், ஜின்சிக்கு ஒரு கிலோ ஆப்பிள் வாங்கிக் கொடுக்கலாமா என்று கேட்டுக்கொண்டு வந்தார்.

மத்தங்காய் விஷயம் மட்டும் எனக்குக் கொஞ்சம் வெட்கம்தான். போன பண்டிகைக்குப் பிறகு ஒரு மத்தியானம், அவள் வெளியே போன நேரம் பார்த்துச் சுவரைத் தாண்டினேன். அவளுடைய உரக்குழியை ஒரு தேங்காய்ச் சிரட்டையால் கிளறி, பதினோரு மத்தன் வித்து பொறுக்கினேன். நாற்பத்தாறு வயதுப் பெண்பிள்ளை சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு சுவரேறுகிற காட்சியைக் கர்த்தர் ஒருவர்தான் கண்டார் என்று நினைத்தேன். இந்த வருஷம் அதில் ஒரு கொடி மட்டும் பிடித்து, கிணற்றுக்குப் பின்னால் படர்ந்து, ஒரு காய் காய்த்தது. பதினான்கு கிலோ. ஜின்சியின் கொடி மழையில் அழுகிப்போனது. அவள் அதைப் பிடுங்கிப் போட்ட அன்று எனக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்தது என்பதை மறைக்க மாட்டேன். அன்றைக்கு உப்பு கேட்கக்கூடப் போகவில்லை.

ஆனாலும் பயம். காய் பெரிதாக இருந்து என்ன, விளிக்க ஆள் வேண்டாமா? பாவக்காய் படைக்கப் போகிற ஜின்சியைத்தான் எல்லோருக்கும் பிடிக்கும். அதனால் என் சித்தி மகன் சுயம்புவை அழைத்தேன். தேங்காய் பறிக்கிறவன், தனிக்கட்டை, சொன்னதைச் சொன்னபடி செய்வான்.

"எலே சுயம்பு, எவன் என்ன விலை சொன்னாலும் நீ மேல நூறு கூட்டணும். காசு நான் தருவேன். வெளிய மிண்டப்பிடாது."

"எதுவரைக்கும் அக்கா?"

"சொன்னதச் செய்யிலே. அஞ்ஞூறுக்கு மேல எவனாக்கும் கேக்கப் போறது?"

பண்டிகையன்று ஜின்சியின் பாவக்காய்க் கூடை அறுநூறுக்குப் போனது. அதற்குப் பிறகு என்னுடையது. நேசமணி அண்ணனுக்கு அதைத் தனியாகத் தூக்க முடியவில்லை. இன்னொருவர் கைகொடுக்க வேண்டியிருந்தது. பந்தலில் ஓ என்று ஒரு சத்தம் எழும்பியது. எனக்கு உடம்பு சிலிர்த்தது.

இருநூறில் தொடங்கியது. சுயம்பு முந்நூறு என்றான். பள்ளிக்கூட சார் ஒருவர் நானூறு. சுயம்பு ஐந்நூறு. அப்போது பிக்கப் வண்டியில் சாய்ந்துகொண்டு நின்ற ஜாய், "அறுநூறு!" என்றான்.

நான் திரும்பி ஜின்சியைப் பார்த்தேன். அவள் மடியில் கையை வைத்துக்கொண்டு நேராகப் பார்த்திருந்தாள். சுயம்பு எழுநூறு. ஜாய் எண்ணூறு. மற்றவர்கள் ஒதுங்கிக்கொண்டார்கள். ஆயிரத்து எண்ணூறு என்று ஜாய் கேட்டு, ஆயிரத்துத் தொள்ளாயிரம் என்று சுயம்பு சொன்ன நிமிஷம், நான் அவளைத் தாண்டிவிட்டேன். ஒரு வருஷத்துக் கஞ்சியும் நடையும் அந்த ஒரு வார்த்தைக்குத்தான். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"ரெண்டாயிரம்!" என்றான் ஜாய்.

அங்கே நிறுத்தியிருக்கலாம். ஜாய் காசு கொடுத்து எடுத்துப் போயிருப்பான், எனக்குப் பெயரும் கிடைத்திருக்கும், டின்னும் நிறைந்தபடி இருந்திருக்கும். ஆனால் என் மத்தங்காய் ஜின்சியின் அடுக்களைக்குப் போய், அவள் கையால் கறியாகி, ஊரே அதைப் புகழும் என்று நினைத்தேன். போகட்டும் சுயம்பு, இன்னும் போகட்டும் என்று இருந்துவிட்டேன். மூவாயிரம் தாண்டியதும்தான் எனக்குப் புத்தி வந்தது. பெண்கள் பக்கத்திலிருந்து கையை உயர்த்தி, விரலை விரித்து, போதும் போதும் என்று ஆட்டினேன். சுயம்பு ஐந்து விரலைப் பார்த்தான்.

"மேல அஞ்ஞூறு!" என்று கத்தினான்.

ஜாய்க்கு முகம் சிவந்தது. அவனும் அஞ்ஞூறு கூட்டினான். நான் இரண்டு கையையும் ஆட்டினேன்; சுயம்பு பத்து விரலையும் பார்த்து, "மேல ஆயிரம்!" என்றான். பக்கத்திலிருந்தவள், "அக்காளுக்கு சந்தோசம் தாங்கல்ல," என்றாள். கடைசியில் ஜின்சி எழுந்து போய் ஜாயின் சட்டையைப் பிடித்து இழுப்பதைப் பார்த்தேன்.

"ஒருதரம், ரெண்டுதரம், மூணுதரம்! விமலகுமாரி ராஜதாஸ் படைச்ச மத்தங்காய், ஐயாயிரத்து இருநூறு!"

இந்தக் கோயிலில் இதுவரை யாருக்கும் இல்லாத விலை. எல்லோரும் கைதட்டினார்கள். ராஜதாஸ் ஆண்கள் பக்கத்தில் எழுந்து நின்று, தானே பெற்ற பிள்ளை மாதிரி அந்தக் காயைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் என் பெயரைக் கேட்டேனா என்றே எனக்கு நினைவில்லை. டின்னில் மிச்சம் இரண்டாயிரத்து இருநூறு என்ற கணக்கு மட்டும்தான் தலைக்குள் கேட்டது.

பந்தல் பிரிக்க ராஜதாசும் ஜாயும் அங்கேயே நின்றார்கள். நான் வீட்டுக்கு வந்து சேலைகூட மாற்றவில்லை, சுயம்பு மத்தங்காயைத் தலையில் வைத்துக்கொண்டு புரையிடத்துக்குள் நுழைந்தான். நுழைந்தது ஜின்சியின் முற்றம் வழியாக.

"அக்கா, இத எங்க வைக்கணும்? ரூபா இப்பம் தருவியளா, நாளைக்கா?"

ஜின்சி கொடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தாள். சுயம்புவைப் பார்த்தாள். தலையிலிருந்த காயைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். சுயம்பு காயைச் சுவர்மேல் இறக்கி, காசு வாங்கிக்கொண்டு போகும்வரை துணி மடித்தாள். பிறகு ஒரு தம்ளர் மோரோடு சுவரண்டை வந்தாள்.

"குடிங்க அக்கா. மொகமெல்லாம் வெளுத்துப் போச்சு." குரலைத் தாழ்த்தினாள். "அக்கா சொல்லியாக்கும் சுயம்பு அண்ணன் விளிச்சதுன்னு எனக்கு இப்பத்தான் மனசிலாச்சு. அறிஞ்சிருந்தா நாங்க ஒத்த ரூபா கூட்டியிருக்க மாட்டோம்."

"நீங்க எதுக்காக்கும் விளிச்சது?" என்றேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

"போன வருசம் எனக்கது கூடுதலுக்குப் போனப்பம் அக்கா ரெண்டு நாள் உண்ணவே இல்லியே. நான் இஞ்சேருந்து கண்டேன். இந்தத் தடவ அக்காளுக்கது அதுக்கு மேல போகணும்னு அவங்கட்ட ரெண்டாயிரம் குடுத்து விட்டேன். மேல போனதும் அவங்களுக்கு வாசி கேறி, விட்டுக் குடுக்க மனசு வரல்ல." மத்தங்காயின் வரி ஓடின முதுகைத் தடவினாள். "வித்து எங்க உரக்குழியில உள்ளதாக்கும், இல்லியா? கேட்டா தந்திருப்பேனே அக்கா."

மோரை ஒரே மூச்சில் குடித்தேன். அவள் ஏசியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். பொறாமைக்காரி, கண்ணுகடிக்காரி, சுவரேறிக் களவாண்டவள் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. நல்லவளாக இருப்பதிலும் அவளே முந்திக்கொண்டாள். நான் ஜெயிப்பதற்குக்கூட அவள்தான் ஆள் அனுப்பியிருக்கிறாள். அந்த நிமிஷத்தில் அவளை வெறுத்த மாதிரி நான் யாரையும் வெறுத்ததில்லை. மோர் நன்றாகவும் இருந்தது.

"அண்ணன்கிட்ட நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்," என்றாள்.

ராஜதாஸ் வந்து மத்தங்காயைக் கண்டு திகைத்தபோது, சுயம்பு ஒற்றையாள், அவனுக்கு எதற்கு இத்தனை என்று நமக்குத் தந்துவிட்டான் என்று சொன்னேன். "அவனுக்கு மண்டைக்கு வட்டு," என்றார் அவர். பாதியை வெட்டி ஜின்சிக்குக் கொடுத்து அனுப்பினேன். பெரிய பாதியைத்தான் கொடுத்தேன். பிரியத்தில் இல்லை. ஒரு தடவையாவது வாங்குகிற கை அவளுடையதாக இருக்கட்டும் என்றுதான். மீதியில் எரிசேரி வைத்தேன். தேங்காயைப் பொன்னிறமாக வறுத்து, வன்பயறை வேகவைத்து, மிளகு தட்டிப் போட்டு, என் ஆயுளில் அப்படி ஒரு எரிசேரி வைத்ததில்லை.

மறுநாள் மத்தியானம் ராஜதாஸ் சோற்றில் பிசைந்து ஒரு வாய் வைத்தார். கண்ணை மூடினார். இன்னொரு வாய். நான் கரண்டியோடு பக்கத்தில் நின்றேன்.

"கொள்ளாம்," என்றார். "ஜின்சி குடுத்து விட்டாளா? அம்பூரிக்காரிக்க கை தனிக் கையாக்கும்."

கரண்டி கீழே விழுந்தது.

"நான் வெச்சது!" என்று கத்தினேன். "எனக்க மத்தன்! எனக்க எரிசேரி! உங்க சர்க்கரைய எறக்குனதும் எனக்க கஞ்சி! கட்டிலுக்கடியில குனிஞ்சு பாருங்க, எனக்க சூடாறாப்பெட்டி! எனக்க ஐயாயிரத்து இருநூறு ரூபா!"

சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்பது எனக்கே கேட்டது. அவர் கை இலைக்கும் வாய்க்கும் நடுவில் நின்றது. மெதுவாக என்னைப் பார்த்தார், பிறகு கட்டிலைப் பார்த்தார், பிறகு இலையில் இருந்த எரிசேரியைப் பார்த்தார்.

"எந்த ஐயாயிரம்?" என்றார்.

எல்லாவற்றையும் சொன்னேன். சாளைப்பெட்டி, நடை, டின், வாஷிங் மெஷின், சுயம்பு, ஐந்து விரல். உரக்குழியை மட்டும் சொல்லவில்லை. முடிந்ததும் இலையில் ஒரு பருக்கை மிச்சம் வைக்காமல் வழித்துச் சாப்பிட்டார்.

"இத்தன விலைக்கு உள்ள கறிய நான் எங்கயும் தின்னதில்ல," என்றார். சிரிக்கிறாரா என்று அவர் முகத்தை உற்றுப் பார்த்தேன். தெரியவில்லை. கை கழுவ எழுந்தவர் கதவருகில் நின்றார். "ஒரு வருசம் எல்லாம் நீயாக்கும் செய்தது. எனக்குத் தெரியாமப் போச்சு விமலா."

எனக்கு வேண்டியிருந்தது அதுதான். பந்தலும் ஏலமும் இல்லாமல், ஒரு பைசா செலவில்லாமல் என் அடுக்களையிலேயே கிடைத்திருக்கும், நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால்.

என் கத்தல் சுவர் தாண்டிக் கேட்டிருக்க வேண்டும். பிறகு ஜின்சியின் குரல் வந்தது.

"அக்கா, இன்னைக்கு அழுக்குத் துணி நெறைய உண்டா? மெஷின் சும்மாதான் கெடக்கு. கொண்டு வாங்க."

துணிக்கல்லைப் பார்த்தேன். வெடித்த கையைப் பார்த்தேன். இனி ஒரு வருஷமாவது வேண்டும் அந்த டின் நிறைய. எரிந்துகொண்டுதான் இருந்தது நெஞ்சு. இருந்தாலும் வாளியை எடுத்துக்கொண்டு போனேன்.